மயங்கியவர்களிடம் சொன்ன வார்த்தை

போன மாதம் ஜிஷா போன் செய்தாள். என்னோடு ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த நர்ஸ். இப்போது அதே ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பிரண்டு. நர்சுகளுக்கும் இளம் டாக்டர்களுக்கும் ஒரு வகுப்பு வைக்கிறார்களாம். நோயாளியின் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்பது தலைப்பு. நானும் வந்து பழைய அனுபவம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்காமல் இருப்பது எப்படி என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தது அதே ஆஸ்பத்திரிதான், அதே மாடி ஹாலில்தான்.

போனேன். பேச வந்த வக்கீல் அம்மாள் நன்றாகவே பேசினார். அமெரிக்காவில் பல மாநிலங்களிலும் வேறு சில நாடுகளிலும் இதற்கென்று சட்டமே இருக்கிறதாம். டாக்டர் வருத்தம் தெரிவித்தால் அதைப் பின்னால் வழக்கில் அவருக்கு எதிராகக் காட்ட முடியாது. சில இடங்களில் வருத்தத்துக்கு மட்டும்தான் இந்தக் காப்பு. "என் தப்பு" என்று சொல்லிவிட்டால் காப்பு போயிற்று. சில இடங்களில் இரண்டுக்கும் உண்டு. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அப்படியானால் நாங்கள் என்னதான் சொல்வது என்று ஒரு இளம் டாக்டர் எழுந்து கேட்டார். நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள் என்றார் அந்த அம்மாள். என் முறை வந்தபோது பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கிவிட்டேன். நான் சொல்ல வேண்டிய விஷயம் சாப்பாட்டு மணிக்கு முன்னால் அவசரமாகச் சொல்லக் கூடியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் சரஸ்வதி. கொச்சியில், மட்டாஞ்சேரியில் பிறந்தவள். அப்பா ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடுகிறவர். வீட்டில் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். நர்சிங் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெட்பேன் கழுவினேன், திட்டு வாங்கினேன், பாஸானேன். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை ஒரே ஆஸ்பத்திரி, பெரும்பாலும் ஒரே தியேட்டர். வேலையை நேசித்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அங்கே எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், அது எனக்குப் பிடிக்கும்.

மயக்க மருந்து டாக்டர் குருவிளா எங்கள் தியேட்டரின் பெரியவர். உயரமான ஆள், தலை குனிந்தே நடப்பார். அவருக்கென்று சில பழக்கங்கள் உண்டு. ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் நோயாளியின் நெஞ்சில் வைப்பார். பெயர் எதிரில் எழுதியிருந்தாலும் "பேரெந்தா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பார். பிறகு, எழுந்ததும் முதலில் என்ன சாப்பிட ஆசை என்று கேட்பார். புட்டும் கடலையும், கரிமீன் வறுத்தது, கப்பையும் மீன்கறியும் என்று ஆளுக்கொன்றைச் சொல்லிக்கொண்டே உறங்கிப் போவார்கள். தியேட்டரில் நாங்கள் வம்பு பேசினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். மயக்கத்தில் கடைசியாகப் போவதும் காது, முதலில் திரும்பி வருவதும் காது, அதனால் தூங்குகிறவர் முன்னால் பார்த்துப் பேசுங்கள் என்பார். அவர் அதட்டி நான் கேட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், காசு வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரிகளும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவரை டாக்டர் மேல் கோபம் வந்தால் ஜனங்கள் கண்ணாடியை உடைப்பார்கள், அல்லது விதியை நொந்துகொண்டு போவார்கள். இனி மனு எழுதிக் கொடுக்கலாம். எங்கள் நிர்வாகத்துக்கு உதறல் எடுத்தது. எறணாகுளத்திலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்தார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். எங்களை மாடி ஹாலில் உட்கார வைத்து, ஒருவர் செத்துப் போனால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினார். "எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம்." அவ்வளவுதான். ஸாரி கூடாது. தெற்று, அதாவது தப்பு என்ற சொல்லே கூடாது. க்ஷமிக்கணம் என்று மலையாளத்தில் கேட்கும் மன்னிப்பு அறவே கூடாது. துக்கப்படலாம், ஆனால் தலையைக் குனிய வேண்டாம், பார்க்கிறவன் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வான் என்றார்.

எங்களை ஜோடி ஜோடியாக நிற்க வைத்து ஒத்திகையும் பார்த்தார். ஒருத்தி செத்தவரின் மனைவி, ஒருத்தி நர்ஸ். என் ஜோடியாக நின்ற பெண் என் காலை மிதித்துவிட்டு "ஐயோ ஸாரி சேச்சி" என்றாள். வக்கீல் திரும்பிப் பார்த்தார். அவள் மிரண்டுபோய், "ஆனதையெல்லாம் செய்தோம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். டாக்டர் குருவிளா மட்டும் கடைசி வரிசையில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கு அடுத்த சில மழைக்காலங்களில் ஒன்றில்தான் கனகா வந்தாள்.

கனகாவின் அம்மா பேச்சியம்மா கார்ப்பரேஷனில் தெருக் கூட்டுகிறவர். எங்கள் ஆஸ்பத்திரி இருந்த ரோடு அவருடைய பொறுப்பு. தமிழ்க்காரி என்பதால் எனக்குப் பேச்சியக்கா. போகிறபோதும் வருகிறபோதும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். கணவர் இல்லை. ஒரே மகள், காலேஜில் முதல் வருடம். அவளுக்கு வயிற்று வலி வந்து, குடல்வால் என்று தெரிந்து, மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. சின்ன ஆபரேஷன்தான்.

அன்றைக்கு அவளைத் தயார் செய்தது நான். வளையல், கொலுசு, காதுத் தோடு எல்லாம் கழற்றி அம்மாவிடம் கொடுத்தோம். கழற்ற வராத மூக்குத்தி மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். நகச்சாயத்தை ஸ்பிரிட்டில் துடைத்தேன். நகம் நீலமானால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நெற்றியில் இருந்த விபூதியையும் துடைத்தேன். இரவிலிருந்து பட்டினிதானே என்று கேட்டேன். ஆமாம் என்றாள். வார்டு நர்ஸ் குறுக்கிட்டு, பேச்சியக்கா காலையில் கோயில் பிரசாதத்தை விரல் நுனியில் எடுத்து மகளின் நாக்கில் தடவிவிட்டதாகவும், தான் திட்டியதாகவும் சொன்னாள். டாக்டர் குருவிளாவிடம் தெரிவித்தேன். எவ்வளவு என்று கேட்டார். என் சுண்டுவிரல் நுனியைக் காட்டினேன். அது ஒன்றுமில்லை என்றார்.

அதன்பிறகு பக்கத்துத் தியேட்டரில் ஒரு பிரசவக் கேஸுக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மருந்து கொடுத்து உறங்க வைத்ததும் நோயாளி தானாக மூச்சு விடமாட்டார். தொண்டை வழியாகக் குழாய் செருகி, ரப்பர் பையை அழுத்தி, நாம்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். தொண்டைக்குள் இரண்டு வழிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்று நுரையீரலுக்கு, ஒன்று வயிற்றுக்கு. குழாய் சரியான வழியில் போயிற்றா என்று காட்டும் கருவி இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. அன்று எங்களிடம் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பும் அனுபவமும்தான். முதலில் கொடுத்த ஆக்சிஜன் உடம்பில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அதனால் தப்பு நடந்தாலும் உடனே தெரியாது. சர்ஜன் கத்தி வைத்து, ரத்தம் கறுத்து வருகிறதே என்று சொன்னபோதுதான் தெரிந்தது. சத்தம் கேட்டு நான் ஓடியபோது டாக்டர் குருவிளா அந்தக் குழாயை உருவி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகிக்கொண்டிருந்தார். கனகாவின் உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. நெஞ்சை அழுத்தினோம், ஊசி போட்டோம். பலிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் பேச்சியக்கா மகளின் வளையலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் குருவிளா தியேட்டர் உடையோடு நேராக அவர் முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். அதற்குள் நிர்வாக டாக்டர் வேகமாக வந்து அவர் முழங்கையைப் பிடித்துத் திருப்பி அழைத்துப்போய்விட்டார். பிறகு நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம் என்றார். கனகாவின் உடலை, எப்போதும்போல், பின்வாசல் வழியாகத்தான் கொடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து பேச்சியக்கா வேலைக்குத் திரும்பினார். அதே ரோடு. காலையில் நாங்கள் டியூட்டிக்கு வரும்போது துடைப்பம் தரையில் உரசும் சத்தம் கேட்கும். வழக்கம்போல் ஒரு கோடியிலிருந்து கூட்டிக்கொண்டே வருவார். எங்கள் முன்வாசல் வந்ததும் சத்தம் நின்றுவிடும். வாசலின் அகலத்துக்கு அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி ஆரம்பிப்பார். தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார். ரோடு முழுவதும் பளிச்சென்று இருக்க, எங்கள் வாசலுக்கு நேரே மட்டும் மழையில் ஊறிய வாகை இலைகள் கறுத்துக் கிடக்கும். காவல்காரர் கூட்டப் போனால் வந்து நின்று பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், சும்மா பார்ப்பார். அந்த மனிதர் இரண்டாம் முறை துடைப்பத்தைத் தொடவில்லை. நாங்கள் எல்லாரும் அந்த இலைகளை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போனோம். நர்சுகள் சிலர் பின்வாசலைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். டாக்டர் குருவிளா முன்வாசலில்தான் வருவார். அந்த இடம் வந்ததும் நடை தளரும்.

அதே சமயத்தில்தான் தியேட்டருக்குள் இன்னொன்று ஆரம்பித்தது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஹம்ஸக்கா என்ற கிழவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை இக்கா என்போம். நன்றாக முடிந்தது. கண்ணைத் திறப்பதற்கு முன்பே அவர் தெளிவாக, "ஸாரமில்ல, ஸாரமில்ல" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். மயக்கம் தெளிகிறவர்கள் எதையாவது உளறுவார்கள், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு டீச்சர் அதையே சொன்னார். அவருக்கும் ஹம்ஸக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு இன்னொருவர். எங்களுக்குப் பயம் வரத் தொடங்கியது. ஒருநாள் டான்சில் எடுத்த சின்னப் பெண் குழந்தை விழித்ததும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தச் சேச்சி எங்கே என்று கேட்டது. எந்தச் சேச்சி என்றேன். டாக்டர் அங்கிள் பேசிக்கொண்டிருந்தாரே, கனகச் சேச்சி, அவள் என்றது. உதவிக்கு நின்ற நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

அதன்பிறகு நான் கவனித்தேன். நோயாளி உறங்கியதும் டாக்டர் குருவிளா குனிந்து அவர் காதருகில் ஏதோ சொல்வார். ஜெபம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் திரவப் பாட்டிலை மாற்றுகிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன். மேஜையில் கிடந்தவர் வழுக்கைத் தலையும் நரைத்த மீசையுமாக இருந்த ஒரு பலசரக்குக் கடைக்காரர். அவர் காதில் டாக்டர் சொன்னது, "க்ஷமிக்கணம் மோளே. கனகே, என் தெற்றுதான்." யார் படுத்திருந்தாலும் அவருக்கு மகள்தான். கனகாதான். சொல்லி முடித்துவிட்டு முகத்தை நிமிர்த்தி, சர்ஜனைப் பார்த்து, இனி ஆரம்பிக்கலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். போகும் காதும் திரும்பும் காதும் அதைப் பிடித்துக்கொண்டு, விழிக்கும்போது பதில் சொல்லியிருக்கின்றன. காரணம் தெரிந்தபிறகு பயம் போக வேண்டும் அல்லவா? எனக்கு அதிகமாயிற்று. பெயர் தெரியாத யார் யாரோ, செத்துப்போன ஒரு பெண்ணுக்குப் பதிலாக அவரை மன்னித்துக்கொண்டிருந்தார்கள்.

அது எவ்வளவு நாள் மூடிக்கிடக்கும்? ஒருமுறை மருந்து ஏறுவதற்கு முன்பே குனிந்துவிட்டார். மேஜையில் இருந்தவர் வைப்பீன் பக்கத்தில் படகு ஓட்டுகிற ஆள். சடாரென்று எழுந்து உட்கார்ந்து, எதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று கேட்டார். பதில் வருவதற்குள் இறங்கி, கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, பின்னால் திறந்த பச்சை அங்கியோடு முன்வாசல் வழியாக நடந்து ரோட்டுக்கே போய்விட்டார். அந்த ஆஸ்பத்திரியில் கத்தி வைப்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிடுகிறார்களாம் என்று மட்டாஞ்சேரி பூராவும் பேச்சு. ஆலுவா வரைக்கும் போயிற்று என்றார்கள். டாக்டர் குருவிளாவை விடுப்பில் போகச் சொன்னது நிர்வாகம்.

இதற்குள் பேச்சியக்காவின் தம்பி முருகேசன் நுகர்வோர் மன்றத்தில் மனு கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி சார்பில் வக்கீல் பதில் தாக்கல் செய்தார். அதில், ஆபரேஷனுக்கு முன் தாயார் நோயாளிக்கு உணவு கொடுத்ததாகத் தெரிய வருகிறது என்று ஒரு வரி இருந்தது. அதை முருகேசன் அக்காவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். எனக்கு இது தெரியாது. பேச்சியக்கா இளைத்துக்கொண்டே போனதுதான் தெரிந்தது. ஒருநாள் டியூட்டி முடிந்து வரும்போது வாசலுக்கு எதிர்ப்புறம் அவர் நின்றிருந்தார். இந்த இடத்தை ஏன் கூட்டாமல் விடுகிறீர்கள் என்று கேட்டே விட்டேன்.

"வீட்டிலேர்ந்து ஆளு கிளம்பிப் போனா, போன உடனே கூட்டக் கூடாதில்லையா சிஸ்டரே? சவம் எடுத்தாத்தான் பின்னாலேயே கூட்டுவாங்க. எம் மோளு இந்த வாசல்லதான் நடந்து உள்ள போனா. இந்த வழியா அவ வெளிய வரல."

எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. அப்பா வெளியூர் போனால் அம்மா ரொம்ப நேரம் துடைப்பத்தையே எடுக்க மாட்டாள். பேச்சியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"நான் நாக்குல வச்ச பிரசாதம்தான் அவளக் கொன்னுச்சா? கோர்ட்டுல அப்படி எழுதிருக்காங்க. அந்த டாக்டர் அன்னைக்கு எங்கிட்ட அதைத்தான் பறய வந்தாரா? நான்தான் கொன்னேன்னு எப்படிப் பறயறதுன்னு வாய மூடிட்டாரா?"

இல்லை அக்கா, அதனால் இல்லை என்றேன். எத்தனையோ முறை சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளை, நீதான் கொன்றாய் என்று நம்ப வைத்து ரோட்டில் நிறுத்தியிருந்தோம். அதற்கு நாங்கள் செய்ததெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்ததுதான்.

அங்கிருந்து நேராக டாக்டர் குருவிளாவின் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அந்த வரியை அவர் படித்திருக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். பேச்சியக்காவிடம் உண்மையைச் சொன்னது வக்கீலுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நானே எடுத்துச் சொன்னேன். ஒப்புக்கொண்டால் வழக்கு போகும், ஆஸ்பத்திரி கைகழுவிவிடும், டாக்டர் வேலையே இல்லாமல் போகலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த அம்மாவின் வீடு எங்கே என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பிற்பகலில் அழைத்துப் போனேன். நல்ல மழை. ஒற்றை அறை வீடு. பகலிலேயே உள்ளே இருட்டு. சுவரில் கனகாவின் படம், கீழே அவள் உட்கார்ந்து படிக்கும் பாய் விரித்தே கிடந்தது. முருகேசன் கதவருகில் முறைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஈரக் காலோடு தரையில் உட்கார்ந்து, பேச்சியக்காவைப் பார்த்து, அம்மா என்று ஆரம்பித்தார். பேச்சியக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"எங்கிட்ட வேண்டாம் சாரே. அவகிட்டப் பறயுங்க."

பாயைக் காட்டினார். டாக்டர் குருவிளா தயங்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. பாயின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். பிறகு, தியேட்டரில் கேட்கிற அதே தொனியில், "பேரெந்தா?" என்று கேட்டார். காத்திருந்தார். பதில் வரும்வரை காத்திருப்பது அவர் வழக்கம். ஓட்டில் மழை விழும் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

"கனகா."

பேச்சியக்காதான் சொன்னார். என் பக்கத்தில்தான் இருந்தார், உதடு அசைந்ததைப் பார்த்தேன். ஆனால் அது நான் பழகிய குரல் இல்லை. காலேஜில் முதல் வருடம் படிக்கும் ஒரு பெண்ணின் குரல். முருகேசனும் அதைக் கேட்டார். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் அந்தப் பாயிடம் சொன்னார். மலையாளமும் தெரிந்த தமிழும் கலந்து, மெதுவாக.

"மோளே, குழாய் தப்பான வழியில போச்சு. வச்சது நான்தான். நெஞ்சுல மூச்சு கேட்டுதுன்னு நான் நினைச்சேன். உன் உதடு நீலமாகற வரைக்கும் எனக்குத் தெரியல. அம்மா தந்த பிரசாதத்துல ஒரு குற்றமும் இல்ல, அது உன் நாக்குலயே கரைஞ்சு போச்சு. அம்மா ஒண்ணும் செய்யல. தெற்று என்னோடது. க்ஷமிக்கணம்."

தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பேச்சியக்கா இப்போது தன் குரலிலேயே, அவளுக்கு வலித்ததா என்று கேட்டார். இல்லை என்றார் டாக்டர். பயந்தாளா என்று கேட்டார். உறங்கும் முன்னால் எழுந்ததும் என்ன வேண்டும் என்று கேட்டேன், அம்மா வைக்கிற மீன்கறி என்றாள், சிரித்துக்கொண்டேதான் உறங்கினாள் என்றார். பேச்சியக்கா அப்போதுதான் அழுதார். மகள் செத்த நாளில்கூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எங்களுக்குச் சாயா போட்டார். மூன்று பேரும் குடித்தோம். முருகேசன் குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் டியூட்டிக்கு வந்தபோது எங்கள் முன்வாசல் சுத்தமாக இருந்தது. துடைப்பத்தின் கோடுகள் ஈர மண்ணில் அப்படியே தெரிந்தன. டாக்டரும் ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். நோயாளி உறங்கியதும் அவர் குனிவதில்லை. விழித்தவர்களும் தண்ணீர்தான் கேட்டார்கள்.

ஆனால் வழக்கு இருந்தது. முருகேசன் நடந்ததைத் தன் வக்கீலிடம் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருப்பாரா? டாக்டர் வீடு தேடி வந்து ஒப்புக்கொண்டார் என்பதை அக்கா வாயால் மன்றத்தில் சொல்ல வைத்துவிட்டால் போதும், வேறு சாட்சியே வேண்டாம். எங்கள் பக்க வக்கீலுக்கு விஷயம் எட்டியதும் அந்த மெல்லிய குரலில் ஒருநாள் முழுக்க டாக்டரைக் காய்ச்சி எடுத்தார். தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று என்னையும் எறணாகுளத்துக்கு வரச் சொன்னார்கள். கூப்பிட்டால் உள்ளதைத்தான் சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். என்னைக் கூப்பிடவே இல்லை.

தீர்ப்பு ஆஸ்பத்திரிக்கு எதிராக வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். டாக்டர் குருவிளா கொஞ்ச காலத்தில் வேலையை விட்டுவிட்டு ஏலூர்ப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு மறக்காதது அந்த விசாரணை நாள்.

விசாரணை அறை சின்னது. தலைவரும், ஒரு பெண் உறுப்பினரும் மேஜைக்குப் பின்னால். இளைத்துப்போயிருந்த பேச்சியக்காவால் வெகுநேரம் நிற்க முடியாது என்று முன் பெஞ்சிலேயே உட்காரச் சொல்லியிருந்தார்கள். பெஞ்சில் இடம் இருந்தும் அவர் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவருடைய வக்கீல் எழுந்து, டாக்டர் உங்கள் வீட்டுக்கு வந்தாரா என்று கேட்டார். வந்தார் என்றார் பேச்சியக்கா. வந்து உங்களிடம் மன்னிப்புக் கேட்டாரா என்றார் வக்கீல்.

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கல சாரே. எம் மோள்கிட்டதான் கேட்டார். அதுக்கு அவ என்ன பறஞ்சாள்னு நான் சொல்ல முடியாது. அவளைக் கேளுங்க."

முருகேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜெயிக்க இருந்த வழக்கை அக்கா கையால் தள்ளிவிடுகிறாள் என்று அவருக்குப் பட்டது. தலைவர் எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வக்கீல் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அவர் எழுந்து, அப்படியானால் ஆபரேஷன் அன்று காலையில் மகளுக்கு உண்ண என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

பின்னால் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். டாக்டர் குருவிளா எழுந்து நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வக்கீல் கையைக் காட்டி உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அந்த அம்மா கொடுத்தது காரணமில்லை, குழாய் தப்பான வழியில் போயிற்று, வைத்தது நான், கவனிக்காதது நான் என்று தலைவரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். பெண் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சொல்லி முடித்த பிறகும் டாக்டர் நின்றுகொண்டே இருந்தார்.

பேச்சியக்கா மெல்ல, பெஞ்சில் தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். யாரோ பேசி முடிக்கக் காத்திருக்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் இருந்த எல்லாரும், தலைவர் உட்பட, அந்த இடத்தையே பார்த்தோம். பிறகு அவர் டாக்டர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அவளும் கேட்டுட்டா. உக்காரு மோனே."